ஆங்கிலத்தில் ஐம்பத்தெட்டு

முதல் தடவை தேர்வு முடிவு வந்த அன்று நான் ஃபேக்டரி ஆபீஸில் இருந்தேன். மஞ்சூருக்குப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைக் கொழுந்து வாங்கி டீத்தூள் போடும் ஃபேக்டரி அது. மூன்று வருஷமாக அங்கே கொழுந்து ரசீது போடும் வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் ஆள் இருக்காது என்று காத்திருந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். பக்கம் மெதுவாக மேலிருந்து கீழே வந்தது.

எம்பிஏ படிப்புக்கான நுழைவுத் தேர்வு. மூன்று பிரிவுகள்: ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்வது, லாஜிக், கணக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி பெர்சன்டைல் போடுவார்கள். எழுதிய நூறு பேரில் எத்தனை பேரைத் தாண்டி நிற்கிறோம் என்ற எண் அது. எனக்குக் கணக்கில் தொண்ணூற்றொன்பது. லாஜிக்கில் தொண்ணூற்றாறு. மொத்தத்தில் தொண்ணூற்று நான்கு. ஆங்கிலத்தில் ஐம்பத்தெட்டு.

மொத்தத்தை மட்டும் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து அக்கவுண்டன்ட் அண்ணன் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தொம்பதா! ஏம்மா, இதென்னது, இங்க ஐம்பத்தெட்டுன்னு போட்டிருக்குது?"

"அது இங்கிலீஷுங்கண்ணா."

"படிக்கப் போறதே இங்கிலீஷ்லதானே?"

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சந்தேகத்தைக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் நான் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அந்தத் தேர்வை எழுதப் போன கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தபோது அம்மாவுக்கு ஐந்து வயது. இன்றைக்கும் எஸ்டேட் வீட்டை லயம் என்றுதான் சொல்வார். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே இல்லாமல் போனார். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. ஊட்டியில் கணிதம் பி.எஸ்சி. படித்தேன், புத்தகம் ஆங்கிலம் என்றாலும் கணக்குக்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படவில்லை. படிப்பு முடிந்த மாதமே ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அதற்கு மேல் எதையும் நான் யோசித்திருக்கவில்லை.

ரசீது போடுகிற இடத்தில் உட்கார்ந்தால் எந்த ஊர்க் கொழுந்து எப்படி வருகிறது என்று தெரிந்துவிடும். பிக்கட்டிப் பக்கத்துக் கொழுந்து மட்டும் பல நாள் சாக்குக்குள் சூடேறிச் சிவந்து வரும். அதில் நல்ல தூள் வராது. விவசாயி மேல் தப்பில்லை. லாரி முதலில் பிக்கட்டியில் ஏற்றிவிட்டு, மற்ற ஊர்களையெல்லாம் சுற்றிக்கொண்டு கடைசியில்தான் ஃபேக்டரிக்கு வரும். சாக்கு நாலு மணி நேரம் அமுங்கிக் கிடக்கும். நாலு மாதம் ஒரு நோட்டில் லாரி நேரத்தையும் சிவந்த கொழுந்தின் எடையையும் எழுதிவைத்து, சுற்றுகிற வழியைத் திருப்பிப் போட்டு, கொழுந்து அதிகமாக வரும் பிக்கட்டியில் கடைசியாக ஏற்றினால் போதும் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் நோட்டைத் தொடவில்லை.

"ரசீதுல தப்பு வராமப் பாத்துக்கம்மா. லாரியை நாங்க பாத்துக்கறோம்."

அடுத்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு அசிஸ்டென்ட் மேனேஜர் வந்தார். எம்பிஏ முடித்த பெண். என்னைவிட ஒரு வயது மூப்பு, அவ்வளவுதான். வந்த மூன்றாம் மாதம், கலர் கலராகப் படம் போட்டு, பிக்கட்டிக் கொழுந்து ஏன் சிவக்கிறது என்று முதலாளிக்கு விளக்கினார். ஒரே வாரத்தில் லாரியின் வழி மாறியது. டீ கொடுக்க ஆள் வராததால் அன்றைக்கு அந்த அறைக்கு டீ கொண்டுபோனது நான்தான். என் எண்களேதான் திரையில் இருந்தன; அவர் தானாகக் கண்டுபிடித்த எண்கள்.

மறுநாள் என் நோட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"இது போன வருஷம் எழுதினதா?"

"ஆமாங்க மேடம்."

"இதை ஏன் எனக்கு யாருமே காட்டல? மூணு மாசம் நான் லாரி பின்னாடியே சுத்தியிருக்க வேணாமே." அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னதையேதான் நானும் சொன்னேன். நான் சொன்னா கேட்டாங்க. நீங்க எம்பிஏ பண்ணுங்க."

நோட்டை மேனேஜரிடம் அவரே எடுத்துப் போய்க் காட்டினார். மேனேஜர் "அப்படியா" என்றாராம். அந்த 'அப்படியா'வைக் கேட்ட அன்றே படிக்க முடிவு செய்துவிட்டேன்.

அந்த வருஷம் ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டேன். மொத்தத்தில் தொண்ணூற்று நான்கு இருக்கிறது, எங்காவது கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். நான்கு கல்லூரிகளிலிருந்து ஒரே மாதிரி பதில் வந்தது. மொத்தம் எவ்வளவு இருந்தாலும் சரி, ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியாக ஒரு கீழ் எல்லை உண்டு. அதைத் தாண்டாதவர்களின் விண்ணப்பத்தை எடுப்பதில்லை. விண்ணப்பப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். அதுவும் ஆங்கிலத்தில்தான். நான் படித்திருக்கவில்லை.

ஐந்தாவது கல்லூரி கோயம்புத்தூரில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. ஒரு ஹோட்டல் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒருவர் என் மதிப்பெண் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"கணக்கு இவ்வளவு இருக்கிறது. ஆங்கிலம் ஏன் இப்படி?"

"தேர்வன்று எனக்கு உடம்பு சரியில்லை, சார்."

வாயிலிருந்து எப்படி வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவர் தாளைப் பார்த்தார். ஆங்கிலம்தான் முதல் பிரிவு. அதற்கு அப்புறம் வந்த இரண்டு பிரிவிலும் தொண்ணூற்றாறும் தொண்ணூற்றொன்பதும். உடம்பு நாற்பது நிமிஷம் மட்டும் சரியில்லாமல் இருந்து பிறகு குணமாகியிருக்கிறது. அவர் அதைச் சொல்லிக்கூடக் காட்டவில்லை. "நன்றி, போகலாம்" என்றார்.

கெத்தை வழியாக மேலே வரும் பஸ்ஸில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இடம் கிடைக்காது என்பதைவிட, அந்தப் பொய் அரித்தது. ஐம்பத்தெட்டு என்பது என் மதிப்பெண். நானே அதை என்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அசிஸ்டென்ட் மேனேஜரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சரி, வழி ஒண்ணுதான். அடுத்த வருஷம் இங்கிலீஷைச் சரி பண்ணிடுங்க. கணக்கு உங்களுக்கு எப்படியும் வரும், அதைத் தொடவே வேணாம். மூணும் ஒரே அளவா இருந்தா எந்தக் கேள்வியும் வராது" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு வருஷம் முழுக்க ஆங்கிலம். காலையில் வேலைக்காகக் குந்தா பாலம் வரை போகிற பஸ்ஸில் ஆங்கிலப் பேப்பர், திரும்பும்போது அதே பேப்பரில் புரியாமல் விட்ட பத்தி. ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பேன். தேர்வில் வரும் பத்திகள் பேப்பர் மாதிரி இருக்காது. ஓவியம் என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன என்று எங்கோ ஆரம்பித்து எங்கோ போகும். முதல் வரியை மனசுக்குள் தமிழாக்கினால்தான் இரண்டாவது வரிக்குப் போக முடியும். அதற்குள் நேரம் ஓடிவிடும்.

பக்கத்து வீட்டு அக்காமார்கள் அம்மாவிடம் கேட்பார்களாம்: "உன் மவ யாரோட இங்கிலீஷ்ல சண்டை போடுறா?"

இரண்டாவது தேர்வின் முடிவு வந்தது. ஆங்கிலம் எழுபத்தொன்பது. படித்த படிப்புக்குப் பலன் இருந்தது. ஆனால் கணக்கு தொண்ணூறு. லாஜிக் எழுபத்தெட்டு. மொத்தம் எண்பத்தேழு. ஒரு வருஷம் தொடாத கணக்கு என்னை விட்டுத் தள்ளிப் போயிருந்தது. தேர்வில் தெரிந்த கணக்குகளையே இரண்டு தரம் போட்டுப் பார்த்து நேரத்தை விட்டிருந்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தன. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாரும் கூப்பிடவே இல்லை.

அசிஸ்டென்ட் மேனேஜர் மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தார்.

"நான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். "எனக்கு எல்லாமே சுமாரா ஒரே மாதிரி வரும். அதனால அப்படித்தான் எல்லாருக்கும் இருக்கணும்னு நெனச்சுட்டேன். ஸாரி."

"நீங்க சொன்னதைக் கேட்டது நான்தானுங்க மேடம்" என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, அன்று அவர் மேல் கோபமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அவர் அறைப் பக்கம் போகவில்லை. வேலைக்கே போகவில்லை என்பதுதான் உண்மை. வயிற்றுவலி என்று லீவு சொல்லிவிட்டுப் போர்வைக்குள் கிடந்தேன்.

இரண்டாம் நாள் அம்மா மலையிலிருந்து வந்தார். எங்கள் வீட்டில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் காடு. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்று கேட்டார்.

"இந்தப் பரீட்சை ஒரு தரம்தான் எழுதலாமா, வருசா வருசம் எழுதலாமா?"

"வருஷா வருஷம் எழுதலாம்."

"வயசு பாப்பாங்களா?"

"இல்லை."

"அப்ப எழுது. லீவு போட்டுட்டு அழுதுக்கிட்டுப் படுக்காத. எனக்குக் காய்ச்சலடிச்சாலும் காலைல வேலைக்குப் பெரட்டுல நின்னு பேர் குடுக்கிறேன்ல?"

போன மாதம்தான் அம்மா, கேத்தியில் கேரட் வியாபாரம் பண்ணும் ஒரு குடும்பத்திலிருந்து வந்த வரனைப் பற்றி என்னிடம் பேசியிருந்தார். அந்தப் பேச்சை அன்று எடுக்கவில்லை. நானாகக் கேட்டேன்.

"கேத்திக்காரங்களுக்கு என்ன சொல்ல?"

"படிக்குதுன்னு சொல்லிட்டேன்" என்றார். சாக்கை அவிழ்த்து உதறிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மூன்றாவது வருஷம் வேறு மாதிரி ஆரம்பித்தேன். புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் கல்லூரிகளின் விதிகளைப் படித்தேன். சின்ன எழுத்தையெல்லாம் படித்தேன். ஒரு வாரம் பிடித்தது. எந்தக் கல்லூரி பிரிவுக்குப் பிரிவு எல்லை வைத்திருக்கிறது, எது வைக்கவில்லை, எல்லை எவ்வளவு, வேலை பார்த்த அனுபவத்தை எங்கே மதிக்கிறார்கள் என்று நோட்டில் எழுதினேன். ஆங்கிலத்தில் எண்பது கேட்கிற இடங்களைக் கோடு போட்டு அடித்தேன். பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன.

மிச்சமிருந்தவற்றில் ஏழு கல்லூரிகளுக்கு நேராகக் கடிதம் எழுதினேன். கடிதத்தை அசிஸ்டென்ட் மேனேஜர் திருத்தித் தருகிறேன் என்றார். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தச் சொன்னேன்; நடையைத் தொட வேண்டாம் என்றேன். என் ஆங்கிலம் எப்படியோ அப்படியே போகட்டும். 'எனக்குக் கணக்கு நன்றாக வருகிறது, ஆங்கிலப் பத்திகளை மெதுவாகத்தான் படிக்க முடிகிறது. என் மதிப்பெண் மேடும் பள்ளமுமாக இருக்கும். உங்கள் கல்லூரியில் அது என்னை வெளியே நிறுத்துமா? நிறுத்தும் என்றால் விண்ணப்பிக்க மாட்டேன்.' இவ்வளவுதான் விஷயம்.

நான்கு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் இணையப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். ஒருவர், ஆங்கிலத்தில் எழுபதுக்குக் கீழே எடுப்பதில்லை என்று எழுதினார். கொச்சியில் இருந்த கல்லூரியிலிருந்து மட்டும் நாலு வரி வந்தது. 'பிரிவு மதிப்பெண்ணைப் பார்ப்போம். பார்க்காமல் இருக்க மாட்டோம். ஆனால் அதை வைத்து மட்டும் வெளியே நிறுத்த மாட்டோம். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி எழுதுங்கள்.'

அந்த நாலு வரியை எத்தனை தரம் படித்தேனோ!

இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரே அளவாக்கும் எண்ணமே இல்லை. தினமும் கணக்கு. தினமும் லாஜிக். ஆங்கிலத்துக்கு ஒரே ஒரு குறி: எழுபதைத் தாண்ட வேண்டும். நாலு பத்தி வந்தால் மூன்றை மட்டும் எடுப்பது, எடுத்ததை என் வேகத்திலேயே முழுதாகப் படிப்பது, நாலாவதின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பாமல் இருப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. மாதிரித் தேர்வில் ஒவ்வொரு தரமும் கை அந்த நாலாவது பத்திக்குப் போகும். போய்க் கெடுத்துக்கொள்வேன். அதை விடக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

தேர்வு நாளுக்கு முந்தின மதியமே கோயம்புத்தூருக்குக் கிளம்பினேன். கெத்தைக்குக் கீழே ரோட்டில் யானைகள் நின்றதால் பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, யாரும் பேசக்கூடாது என்றார். முந்தின வருஷமாக இருந்தால் படபடப்பில் செத்திருப்பேன். ஒரு நாள் முன்னால் கிளம்பியிருக்கிறோம், போகட்டும் என்று ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எழுப்பி, "யானை போயிடுச்சு கண்ணு" என்றார்.

கணக்கு தொண்ணூற்றொன்பது. லாஜிக் தொண்ணூற்றேழு. ஆங்கிலம் எழுபத்தொன்று. மொத்தம் தொண்ணூற்றாறு.

எழுபது கேட்ட கல்லூரியும் கொச்சிக் கல்லூரியும் கூப்பிட்டன. எழுபது கேட்ட இடத்தில் நேர்காணல் எட்டு நிமிஷத்தில் முடிந்தது. என் ஆங்கில மதிப்பெண்ணைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்ல ஆரம்பித்தபோது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே இடம் கிடைக்கவில்லை.

கொச்சிக்கு அம்மாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. "நான் கடலை அஞ்சு வயசுல பாத்தது" என்று ஒரு காரணம் சொன்னார். எஸ்டேட்டில் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். கல்லூரி வராந்தாவில், நேர்காணலுக்கு வந்த பிள்ளைகளுக்கு நடுவே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

உள்ளே மூன்று பேர். இரண்டு ஆண்கள், நடுவில் ஒரு அம்மையார். பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். என் கட்டுரை அவர்கள் முன்னால் இருந்தது. அம்மையார்தான் கேட்டார்.

"எல்லாரும் தங்கள் பலத்தைப் பற்றி எழுதுவார்கள். நீங்கள் பாதிக் கட்டுரை உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் படிக்க வேண்டும், தெரியுமா?"

"தெரியும்."

"எப்படிப் படிப்பீர்கள்?"

"மெதுவாகத்தான் படிப்பேன். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் படிப்பதற்கு எனக்கு மூன்று மணி நேரம் வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தை எப்படியாவது கொடுத்துவிடுவேன். ஆனால் படித்து முடித்தால் எனக்குப் புரிந்திருக்கும்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கோயம்புத்தூர் அறையில் அன்று வராத நிம்மதி எனக்கு வந்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் பையிலிருந்து இரண்டு பக்கத் தாளை எடுத்தார். "வெளியே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நாங்கள் அடுத்தவரைப் பார்க்கிறோம்."

தாளோடு நான் வெளியே வந்ததும் அம்மாவின் முகம் மாறியது.

"என்ன, முடிஞ்சிருச்சா?"

"இல்லைம்மா. இதைப் படிச்சுட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"அப்ப என்னைப் பாக்காம அதைப் பாரு."

பக்கத்தில் மூன்று பையன்கள் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா திரும்பி, "தம்பிகளா, புள்ள படிக்குது" என்றார். தமிழ் புரிந்ததோ இல்லையோ, அவர்கள் எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்கள்.

ஒரு பால் கம்பெனியைப் பற்றிய தாள் அது. ஒரு ஊரில் இருக்கும் குளிரூட்டும் நிலையத்தை மூடலாமா வேண்டாமா என்பது கேள்வி. உதடு அசையப் படித்தேன். வரிக்கு வரி தமிழாக்கினேன். நடுவில் ஒரு வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. 'அட்ரிஷன்.' அங்கே அது ரொம்ப அதிகம் என்று போட்டிருந்தது. 'அட்ராக்ஷன்' தெரியும், அதற்குச் சொந்தக்கார வார்த்தையாக இருக்கும், ஆட்கள் அந்த வேலையை விரும்பி வருகிறார்கள் போல என்று எடுத்துக்கொண்டு மேலே போனேன். பின்பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. வருஷா வருஷம் எத்தனை பேரைப் புதிதாக எடுத்தார்கள், வருஷக் கடைசியில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு பால் கெட்டது என்று. எடுத்தது கூடிக்கொண்டே போகிறது. இருப்பது குறைந்துகொண்டே போகிறது. விரும்பி வருகிறவர்கள் எங்கே போனார்கள்? திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்தேன். எண்களில் தப்பு இருக்காது. அப்படியானால் நான் அந்த வார்த்தைக்குக் கொடுத்த பொருள்தான் தப்பு. அது ஆட்கள் விட்டுவிட்டுப் போவதைச் சொல்லும் வார்த்தையாக இருக்க வேண்டும். மறுபடி முதலிலிருந்து படித்தேன். முழுத் தாளும் வேறு மாதிரி ஆகிவிட்டது.

உள்ளே போய், நிலையத்தை மூடுவதற்கு முன்னால் ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று பார்க்க வேண்டும், பால் அதிகம் கெட்டதும் ஆள் குறைந்த வருஷங்களில்தான் என்று அட்டவணையைக் காட்டிச் சொன்னேன். அந்த வார்த்தையின் கதையையும் சொன்னேன்.

"முதலில் தப்பாகப் புரிந்துகொண்டீர்களா?" என்று தாளைக் கொடுத்தவர் கேட்டார்.

"ஆமாம் சார். அட்டவணை திருத்தியது."

அம்மையார் எதையோ எழுதினார். அவர்கள் முகத்திலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "கப்பல்ல ஒரே வாந்தி. அது ஒண்ணுதான் ஞாபகமிருக்கு" என்றார்.

கிடைத்தது இடமில்லை, காத்திருப்போர் பட்டியல். யாராவது வேண்டாமென்றால் எனக்கு. அப்படிக் காத்திருந்த ஏழு வாரத்தில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சூப்பர்வைசர் வேலை தருகிறேன், இங்கேயே இரு என்றார். முன்பு என் நோட்டைத் தொடாத அதே மேனேஜர்தான். இரண்டு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். "எனக்கு இந்த வருஷம் கிடைக்காட்டி அடுத்த வருஷமும் எழுதுவேனுங்க சார்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதைச் சொன்னது பிடித்திருந்தது.

ஜூன் மாத மழையில், ரசீதுக் கவுன்ட்டரில் சாக்குகள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. கொச்சியிலிருந்து. இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார்கள். "வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதைத் தமிழில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவருக்குப் புரிந்தது.

அங்கே போனதும் ஆங்கிலம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும். முதல் பருவம் கொடுமையாக இருந்தது. சொன்னபடி மூன்று மணி நேரம் கொடுத்தேன். சில நாள் நான்கு தேவைப்பட்டது. எழுதிப் பேசிப் பழகும் பாடம் ஒன்று உண்டு. அதில் வகுப்பிலேயே கடைசி நான்தான். புள்ளியியலில் முதலிடம். என் அறையில் இருந்தவள் திருச்சூர்க்காரி. ஒரு புத்தகத்தை ஒரே மூச்சில் படித்துவிடுவாள். சதவீதக் கணக்கு என்றால் புத்தகத்தை மூடிவைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு நான் கணக்குச் சொல்வேன், அவள் எனக்குப் படித்ததைச் சொல்வாள். அவளுக்கும் முதல் முயற்சியில் கிடைக்கவில்லை, இரண்டாவதில்தான் உள்ளே வந்திருந்தாள்.

சமமில்லாத மதிப்பெண் இடம் கிடைப்பதைக் கெடுக்குமா என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கெடுக்கும். என்னை நான்கு இடங்களில் விண்ணப்பத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருஷம் போனது. அதைச் சமமாக்கப் போனதில் இருந்ததும் போனது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். எங்கே எல்லை இருக்கிறது, எங்கே இல்லை என்று முதலில் படியுங்கள், கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்பேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

இப்போது கோயம்புத்தூரில் ஒரு உணவுப் பொருள் கம்பெனியில், சரக்கு வாங்கும் பிரிவில் இருக்கிறேன். அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டு என்னோடு இருக்கிறார். இந்த வெயிலைத் தினமும் திட்டுகிறார். போன வாரம் ஒரு புது ஒப்பந்தம் வந்தது. அறுபது பக்கம். கூட்டத்தில் எல்லாரும் புரட்டிவிட்டு, சரி, கையெழுத்துப் போடலாம் என்றார்கள். எனக்கு வியாழக்கிழமை வரை நேரம் வேண்டும் என்றேன்.

"அறுபது பக்கத்துக்கு மூணு நாளா?" என்று ஒருவர் சிரித்தார்.

"ஆமாம். எனக்கு மூணு நாள் ஆகும்" என்றேன்.

வியாழக்கிழமை மூன்று கேள்விகளோடு போனேன். இரண்டுக்கு அவர்களிடம் பதில் தயாராக இருந்தது. மூன்றாவதைக் கேட்டதும் மேசையைச் சுற்றி எல்லாரும் தாளைத் திருப்ப ஆரம்பித்தார்கள். நான் காத்திருந்தேன்.